‘எப்பவாவது தோணும் மிஸ்’: பிள்ளைகளிடம் நேராகக் கேட்பது பற்றி ஒரு பள்ளி ஆலோசகர்

எங்கள் பள்ளி ஆலோசனை அறையின் அலமாரியில் ஒரு படிவம் உண்டு. மாணவர் பெயர், வகுப்பு, என்ன பிரச்சினை என்று வரிசையாக இருக்கும். அடியில் மூன்று கட்டங்கள்: தற்கொலை அபாயம் குறைவு, நடுத்தரம், அதிகம். யாராவது ஒரு பிள்ளை ‘செத்துடலாம் போல இருக்கு’ என்று சொன்னதாகச் சேதி வந்தால், பேசி முடித்ததும் நான் இந்த மூன்றில் ஒன்றில் டிக் போட வேண்டும். தலைமையாசிரியரும் முதலில் கேட்பது இதைத்தான். “மேடம், பயப்படுற மாதிரி இருக்கா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்க.”

அதை மட்டும் சொல்ல யாராலும் முடியாது. அரை நூற்றாண்டில் வெளிவந்த 365 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017-இல் வந்தது. யார் உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வார்கள் என்று முன்கூட்டியே கணிப்பதில், நமக்குத் தெரிந்த காரணங்கள் எதுவும் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடப் பெரிதாக உதவவில்லை என்பதுதான் அதன் முடிவு. பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்கள் வெளியிடும் நைஸ் அமைப்பு 2022-இல் இன்னும் தெளிவாகச் சொல்லிவிட்டது: மதிப்பெண் போடும் அளவுகோல்களை வைத்து எதிர்காலத்தைக் கணிக்காதீர்கள், குறைவு-நடுத்தரம்-அதிகம் என்று பிரித்து யாருக்குச் சிகிச்சை, யாருக்கு வேண்டாம் என்று முடிவெடுக்காதீர்கள். ‘குறைவு’ என்று குறிக்கப்பட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களிலும் இறந்துபோனவர்கள் இருக்கிறார்கள்.

அப்படியானால் மதிப்பீடு எதற்கு? இந்தப் பிள்ளைக்கு இப்போது என்ன வலிக்கிறது, வழக்கமாக இருப்பதிலிருந்து என்ன மாறியிருக்கிறது, வீட்டில் யார் இருக்கிறார்கள், கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது, அடுத்த சில நாட்களில் எது நடந்தால் நிலைமை மோசமாகும், இன்று ராத்திரிக்கு என்ன ஏற்பாடு. இவ்வளவையும் தெரிந்துகொள்வதற்குத்தான். படிவத்தில் டிக் போடுகிறேன், அலுவலகத்துக்கு அது வேண்டும். ஆனால் என் வேலை அதன் பின்பக்கத்து வெற்றுத் தாளில் நான் எழுதுவது.

காவிரி டெல்டாவில் ஒரு சிறிய ஊரின் மேல்நிலைப் பள்ளி எங்களுடையது. இங்கே சொல்லும் பிள்ளைகளின் அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் படித்துப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும் என்று நினைத்தே எழுதுகிறேன்.

முதல் தடை, கேட்பதற்கே இருக்கும் பயம். ‘நாமளே போய்க் கேட்டா, இல்லாத நினைப்பை உண்டாக்குன மாதிரி ஆயிடாதா?’ என்று அனுபவமுள்ள ஆசிரியர்களே கேட்பார்கள். அமெரிக்காவில் நியூயார்க் மாநிலப் பள்ளிகளில் 2,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2005-இல் முடிவு வந்தது. ஒரு பிரிவினரிடம் தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்டார்கள், இன்னொரு பிரிவினரிடம் கேட்கவில்லை. கேட்கப்பட்டவர்களுக்கு மன உளைச்சலோ அந்த எண்ணமோ கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கேட்டது கொஞ்சம் ஆறுதலாகவே இருந்திருக்கிறது. நான் என் அறையில் பார்ப்பதும் இதுதான். கேட்டவுடன் பிள்ளையின் தோள் கீழே இறங்கும். ‘அப்பாடா, யாரோ கேட்டுட்டாங்க’ என்பது முகத்தில் தெரியும்.

ஆனால் எப்படிக் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நாம் பெரும்பாலும் கேட்பது இப்படி: “தப்பா எதுவும் யோசிக்கலைல்ல?” “அசட்டுத்தனமா எதுவும் செஞ்சுட மாட்டியே?” இதற்கு ஒரே பதில்தான் வரும். “இல்ல மிஸ்.” நமக்கு என்ன பதில் வேண்டும் என்பதைக் கேள்வியிலேயே சொல்லிவிட்டோம், பிள்ளையும் மரியாதைக்கு அதையே திருப்பித் தருகிறது. அதோடு, அந்த எண்ணத்தைத் ‘தப்பு’ என்றும் ‘அசட்டுத்தனம்’ என்றும் தீர்ப்புச் சொல்லியாயிற்று. அப்புறம் எப்படி வாய் திறக்கும்?

பத்து வயதிலிருந்து இருபத்து நாலு வயது வரை உள்ளவர்களிடம் கேட்பதற்கென்று அமெரிக்க தேசிய மனநல நிறுவனம் நான்கு கேள்விகளை வகுத்திருக்கிறது. ஒரு நிமிடத்துக்குள் கேட்டுவிடலாம். அவற்றை எங்கள் ஊர்ப் பேச்சில் நான் இப்படிக் கேட்கிறேன். “கொஞ்ச நாளா, செத்துப்போயிட்டா நல்லா இருக்கும்னு தோணியிருக்கா? நீ இல்லாம இருந்தா வீட்ல இருக்கவங்களுக்கு நிம்மதின்னு தோணியிருக்கா? இந்த ஒரு வாரத்துல தற்கொலை செஞ்சுக்கணும்னு நினைச்சியா? இதுக்கு முன்னாடி எப்பவாவது முயற்சி செஞ்சிருக்கியா?” ஏதாவது ஒன்றுக்கு ‘ஆமாம்’ வந்தால் ஐந்தாவது கேள்வி: “இப்போ, இங்க உக்காந்திருக்கும்போது, அந்த நினைப்பு இருக்கா?” ஐந்தாவதுக்கும் ‘ஆமாம்’ என்றால் அந்த நிமிடத்திலிருந்து பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் வாசலில் ஓர் ஆள் நிற்க வேண்டும். அங்கிருந்து நேராக மருத்துவமனைதான்.

இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் அது மிக ஆழமாக ஓடுகிறது. ‘என்னாலதான் வட்டி கட்டுறாங்க’, ‘நான் ஒரு செலவு’, ‘தங்கச்சியாவது நல்லா படிப்பா’ என்றெல்லாம் பேச்சோடு பேச்சாக வரும். அதைக் கேட்டதும் ‘அப்பா அம்மா உனக்காக எவ்வளவு கஷ்டப்படுறாங்க தெரியுமா’ என்று நாம் ஆரம்பித்தால், அந்தப் பாரத்தின் மேல் இன்னொரு கல்லை வைக்கிறோம். அன்பாகத்தான் சொல்கிறோம், எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நேரத்தில் வேண்டாம்.

பதினொன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். அடிக்கடி வயிற்றுவலி என்று வகுப்பிலிருந்து வெளியே வந்துவிடுவான். மருத்துவர் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். அப்பா அம்மா இருவருக்கும் திருப்பூரில் வேலை. இவன் பாட்டியோடு ஊரில் இருக்கிறான். ஆய்வகத்துக்குப் பின்னால் இருக்கும் திண்ணையில் உட்கார்ந்து பேசினோம். அறைக்குள் எதிரெதிரே உட்கார்ந்தால் சில பையன்கள் பேச மாட்டார்கள்; பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் பேசுவார்கள். தூக்கம் எப்படி என்று கேட்டேன். ராத்திரி இரண்டு மணி வரைக்கும் வருவதில்லை என்றான். தூக்கம் கெட்டுப்போயிருப்பது நான் மிகவும் கவனிக்கும் விஷயம். அப்புறம் நேராகக் கேட்டேன்.

“எப்பவாவது தோணும் மிஸ்.”

“கடைசியா எப்போ தோணுச்சு?”

கொஞ்ச நேரம் பேசவில்லை. “நேத்து.”

எப்பவாவது என்று சொன்னவன்தான் நேற்று என்கிறான். முதல் பதிலோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கடைசியாக எப்போது, அப்போது எங்கே இருந்தாய், என்ன நடந்தது, எவ்வளவு நேரம் அந்த நினைப்பு இருந்தது, எப்படி என்று யோசித்தாயா, அப்புறம் என்ன உன்னை நிறுத்தியது. இந்த வரிசையில் மெதுவாகப் போவேன். குரலைத் தாழ்த்தி ரகசியம் போலக் கேட்பதில்லை, அதிர்ச்சியும் காட்டுவதில்லை. காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கிற அதே குரலில்தான் கேட்பேன்.

எது நிறுத்தியது என்று கேட்டபோது அவன் சொன்னது: “பாட்டிக்கு மாத்திரை யாரு எடுத்துக் குடுப்பா மிஸ்?” பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. காலையில் எது, சாப்பிட்ட பிறகு எது என்று பிரித்துக் கொடுப்பது இவன்தான். எப்படி யோசித்தாய் என்றபோது, தயங்கித் தயங்கி அவன் சொன்னதும் அந்த மாத்திரை டப்பாவைத்தான்.

அவனை உயிரோடு வைத்திருப்பதும் அவனுக்கு ஆபத்தானதும் ஒரே டப்பாவில் இருந்தன. எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது. பதறிப்போய் டப்பாவை அவனிடமிருந்து மொத்தமாக வாங்கிவிட்டால், பாட்டிக்கு அவன் செய்கிற வேலையும் போய்விடும். ‘நான் எதுக்கும் உதவாதவன்’ என்பது இன்னும் உறுதிப்படும். அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டு அத்தையை வரச் சொல்லிப் பேசினோம். மாத்திரை மொத்தமும் அவர் வீட்டுப் பீரோவில். தினமும் காலையில் அன்றைக்கு உண்டானதை மட்டும் அவர் கொடுப்பார். பாட்டிக்கு எடுத்துக் கொடுப்பது அவனேதான். அவன் முன்னாலேயே, அவனையும் கேட்டுத்தான் இதை முடிவு செய்தோம்.

வீட்டில் ஆபத்தான பொருட்களை எட்டாமல் வைப்பதைப் பற்றி இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘சாகணும்னு நினைக்கிறவன் எப்படியும் செத்துடுவான், பூட்டி வச்சு என்ன பயன்’ என்பார்கள். அது உண்மையில்லை. பிள்ளைகளிடத்தில் அந்த உந்துதல் பல நேரம் சண்டை போட்ட சில நிமிடங்களில் உச்சிக்குப் போய், கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிறது. அந்த இடைவெளியில் கைக்கு எதுவும் எட்டாமல் இருந்தால் பிழைத்துக்கொள்கிறார்கள். இலங்கையில் மிகக் கொடிய நச்சுத்தன்மையுள்ள பூச்சிக்கொல்லிகளைப் படிப்படியாகத் தடை செய்தார்கள். 1995-இல் உச்சத்தில் இருந்த தற்கொலை விகிதம் பத்தே ஆண்டில் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அந்த மக்களின் கவலைகள் எல்லாம் அந்தப் பத்து ஆண்டில் தீர்ந்துவிடவில்லை. கைக்கெட்டும் பொருள் மாறியது, அவ்வளவுதான். எங்கள் பக்கம் வயல் வேலைக்கு வாங்கியது திண்ணை மூலையிலேயே கிடக்கும். பெற்றோர் கூட்டத்தில் நான் கெஞ்சிக் கேட்பது இது ஒன்றைத்தான்: பூட்டுங்கள், சாவி பெரியவர்களிடம் இருக்கட்டும், முடிந்தால் வீட்டில் வைக்கவே வேண்டாம்.

பெற்றோரிடம் சொல்வதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. பேச்சைத் தொடங்கும்போதே பிள்ளையிடம் சொல்லிவிடுவேன்: “நீ சொல்றதை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னு தோணுச்சுன்னா, அதை மட்டும் நான் தனியா வச்சுக்க மாட்டேன். யார்கிட்ட, எப்படிச் சொல்றதுன்னு நாம சேர்ந்து முடிவு பண்ணலாம்.” முதலிலேயே சொல்லிவிட்டால் துரோகமாகத் தெரியாது. யாரிடம் என்பதும் முக்கியம். விஷயம் தெரிந்ததும் பெல்ட்டைக் கழற்றுகிற அப்பா என்றால் அவரை முதலில் கூப்பிடுவதில் அர்த்தமில்லை. தாய்மாமா, பெரியம்மா, கல்யாணமான அக்கா என்று யாராவது ஒருவர் இருப்பார். பிள்ளையைக் கேட்டால் அதுவே சொல்லும். வீட்டுக்குள்ளேயே யாராவது தகாத முறையில் நடந்துகொள்வது தெரியவந்தால் அது வேறு கதை. 2012-இன் போக்சோ சட்டப்படி அதைத் தெரிவித்தே ஆக வேண்டும், 1098-ஐ அழைக்க வேண்டும்.

ஒரு பெண் பிள்ளையின் அம்மா, மகள் பக்கத்தில் இருக்கும்போதே என்னிடம் சொன்னார்: “இவ சும்மா மிரட்டுறா டீச்சர். போனைப் புடுங்குனதுலேர்ந்து இதே பேச்சு.” காதல் விவகாரம் தெரிந்து போனை வாங்கி வைத்திருந்தார்கள், பள்ளியையும் நிறுத்திவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த அம்மாவும் ராத்திரியெல்லாம் தூங்கவில்லை, கண் சிவந்திருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மகளை வெளியே இன்னொரு டீச்சரோடு உட்காரவைத்துவிட்டுச் சொன்னேன்: “மிரட்டுறதாவே இருக்கட்டும்மா. உயிரை வச்சு மிரட்டுற அளவுக்கு வேற வழி தெரியாம நிக்குறாளே, அதைப் பாருங்க.” சொல்கிறவர்கள் செய்ய மாட்டார்கள் என்ற நம்பிக்கை நம்மிடம் வேரூன்றிப்போயிருக்கிறது. சொல்லிவிட்டுச் செய்தவர்கள் நிறையப் பேர். ஒருமுறை முயன்றவர்கள் மறுபடி முயலும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதும் ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. அன்று அந்த அம்மாவிடம் நான் கேட்டுக்கொண்டது மூன்று: சில நாட்களுக்கு அவளைத் தனியாகத் தூங்க விடாதீர்கள், காதல் பற்றிய பஞ்சாயத்தை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள், பள்ளியை நிறுத்தாதீர்கள். போனை ஒரேயடியாகப் பறிக்காமல், தோழியோடு பேசவாவது சாயங்காலம் கொடுங்கள் என்றும் சொன்னேன். தோழியோடு பேச்சு அறுந்துபோன பிள்ளைக்கு ராத்திரி மிக நீளம்.

அவர் போகும் முன், மகளின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்து, “சத்தியம் பண்ணு, இனிமே அப்படிப் பேச மாட்டேன்னு” என்றார். அதை நான் தடுத்தேன். சத்தியம் வாங்கினால் நமக்கு நிம்மதி. பிள்ளைக்கோ, அடுத்த முறை அந்த எண்ணம் வரும்போது சொல்வதற்கு இருந்த ஒரே கதவும் மூடிவிடும். சத்தியத்தை மீறிவிட்டோமே என்ற குற்ற உணர்வு வேறு சேரும். ‘மாட்டேன்’ என்று எழுதி வாங்குவதும் அதே மாதிரிதான். அதனால் பலன் இருப்பதாக எந்த ஆய்வும் காட்டவில்லை.

அதற்குப் பதில் நான் செய்வது ஒரு சின்ன அட்டை. அமெரிக்க உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லியும் கிரெகரி பிரவுனும் உருவாக்கிய பாதுகாப்புத் திட்டம் என்ற முறை அது. பிள்ளை தன் கையாலேயே எழுத வேண்டும். அந்தப் பையன் எழுதியது ஏறக்குறைய இப்படி: ‘சோறு இறங்கலைன்னா, யார்கூடயும் பேசப் பிடிக்கலைன்னா எனக்கு ஆரம்பிக்குதுன்னு அர்த்தம். அப்போ சைக்கிளை எடுத்துக்கிட்டு கிரவுண்டுக்குப் போவேன். அப்பவும் போகலைன்னா செந்தில் அண்ணன் செல்போன் கடையில போய் உக்காருவேன், ஒண்ணும் பேச வேண்டாம். அப்பவும் இருந்தா அத்தைகிட்ட சொல்லுவேன்.’ (அண்ணன் பெயர் நான் வைத்தது.) அதற்குக் கீழே உதவி எண்கள். கடைசி வரி, மாத்திரை அத்தை வீட்டில். அட்டையை மடித்துப் போன் கவருக்குள் வைத்துக்கொண்டான். ‘தைரியமா இரு’ என்று சொல்லி அனுப்புவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். ராத்திரி ஒரு மணிக்கு மூளை மரத்துப்போயிருக்கும்போது தைரியம் எங்கே இருக்கிறது என்று தேட முடியாது. சைக்கிள் எங்கே இருக்கிறது என்று தெரியும். நான் எப்போதும் போனை எடுப்பேன் என்று எந்தப் பிள்ளைக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ராத்திரி பதினோரு மணிக்கு யார் எடுப்பார்களோ அவர்கள் பெயர்தான் அட்டையில் இருக்க வேண்டும்.

அடுத்து, வரப்போவதைப் பார்ப்பது. இன்று அமைதியாகப் பேசுகிற பிள்ளை நாளைக்கு எந்தச் செய்தியைக் கேட்டால் உடைந்துபோகும்? பொதுத் தேர்வு முடிவு, நீட் முடிவு, காதலன் அல்லது காதலியோடு முறிவு, விடுதியிலிருந்து அனுப்பப்படுவது, செல்போனில் எடுத்த படம் யாரோ கையில் சிக்குவது, சாதிப் பெயரைச் சொல்லி எல்லோர் முன்னாலும் அவமானப்படுவது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் தற்கொலையால் இறந்த மாணவர்கள் 13,044 பேர். தேர்வில் தோற்றது ஒன்றுதான் காரணம் என்று சொல்வது சரியாகாது. எப்போதும் பல காரணங்கள் சேர்ந்துதான் ஒரு பிள்ளையை அந்த இடத்துக்குத் தள்ளுகின்றன. ஆனால் தேர்வு முடிவு வரும் தேதி முன்கூட்டியே தெரிந்த ஒன்று, அதற்கு ஏற்பாடு செய்ய முடியும். மே மாதம் வருவதற்கு முன்பே, எனக்குக் கவலை தருகிற பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும், முடிவு பார்க்கும்போது யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்வேன். தோற்றால் அதே ஆண்டிலேயே துணைத்தேர்வு எழுதலாம், ஓர் ஆண்டு வீணாகாது என்பதை முடிவு வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது. ஏப்ரலிலேயே சொல்லிவிட வேண்டும். வீட்டிலும் சொல்ல வேண்டும், முக்கியமாக அப்பாவிடம்.

ஆசிரியர்கள் என்னிடம் கேட்பார்கள், ‘நாங்க டாக்டர் இல்லையே, நாங்க என்ன செய்யுறது?’ என்று. நோய்க்குப் பெயர் வைக்க வேண்டியதில்லை. கேளுங்கள், கூடவே இருங்கள், அடுத்தவர் கையில் நேராக ஒப்படையுங்கள். ஒப்படைப்பது என்றால், சீட்டு எழுதிக் கொடுத்து ‘ஜி.ஹெச்.சுக்குப் போய்ப் பாரு’ என்பதில்லை. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி. சீட்டு போட்டால் இலவசமாகவே பார்ப்பார்கள். ஆனால் முதல் முறை யாராவது கூடப் போக வேண்டும். வரிசையில் நிற்கும்போதே திரும்பிவிடுகிற குடும்பங்கள் உண்டு. ‘பைத்தியம்னு பேர் வந்துடும், நாளைக்குக் கல்யாணம் எப்படி ஆகும்’ என்ற பயம் அந்த வரிசையில்தான் ஏறும்.

இன்னொரு பயம் போலீஸ் கேஸ். ஏற்கெனவே முயன்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் ‘தெரியாம சாப்பிட்டுட்டா’ என்றே சொல்லச் சொல்கிறார்கள். அதனால் மனநல மருத்துவர் பக்கமே போகாமல் பிள்ளை வீடு திரும்பிவிடுகிறது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது. தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் இல்லை. மருத்துவமனையில் பதிவு செய்வார்கள், விசாரிக்கவும் வருவார்கள். அதற்காக உண்மையை மறைக்க வேண்டாம். நடந்ததைச் சொன்னால்தான் சரியான சிகிச்சை கிடைக்கும்.

மருத்துவமனையிலிருந்து வந்த பிறகு என்ன? எல்லோரும் மூச்சு விட்டு ஓய்ந்துவிடும் நேரம் அது, ஆனால் அடுத்து வரும் வாரங்கள்தான் மிகவும் ஆபத்தானவை. இதில் நமக்குப் பெருமையான ஓர் ஆய்வு இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் நடத்தியது, சென்னையும் கொழும்பும் அதில் இருந்தன. 2008-இல் முடிவு வெளியானது. தற்கொலைக்கு முயன்று அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரில் ஒரு பாதிக்கு வழக்கமான சிகிச்சை. மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரப் பேச்சும், அடுத்த 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ போனிலோ விசாரிப்பும். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் பிறகு தற்கொலையால் இறந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். புது மருந்து ஒன்றும் கொடுக்கவில்லை. எப்படி இருக்கிறாய் என்று கேட்டார்கள், திரும்பவும் கேட்டார்கள்.

அதனால் ‘சரியாயிட்டேன் மிஸ்’ என்று பிள்ளை சொன்னாலும் என் நோட்டில் அடுத்த தேதியை எழுதிவிடுவேன். மறுநாள், அந்த வாரக் கடைசி, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, விடுமுறையிலும். ஒவ்வொரு முறையும் தூக்கம், சாப்பாடு, அட்டை, மாத்திரை எங்கே என்று கேட்டுவிட்டு, அந்த எண்ணம் வந்ததா என்று அதே நேரான கேள்வியையும் கேட்பேன். பல பிள்ளைகள் ஒரு கட்டத்தில் சிரித்துவிடுவார்கள், “கேப்பீங்கன்னு தெரியும் மிஸ்” என்று.

மனம் விட்டுப் பேசவும் உதவி கேட்கவும் அழைக்க வேண்டிய எண்களையும் சொல்லிவிடுகிறேன். டெலிமானஸ் 14416, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம். தமிழ்நாடு அரசின் 104. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய சினேகா, 044-24640050. இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. உடனடி ஆபத்து என்றால் தமிழ்நாட்டில் 108. எண்ணை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உங்கள் போனிலிருந்தே முதல் அழைப்பைப் போட்டு, “இங்க ஒரு தம்பி இருக்கார், உங்ககிட்டப் பேசணும்” என்று நீங்களே ஆரம்பித்துவிட்டுப் போனை அவன் கையில் கொடுங்கள். அவன் போய்விடச் சொல்லும் வரைக்கும் பக்கத்திலேயே இருங்கள்.